குலுங்காத கார்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனதற்குக் கார்தான் காரணம் என்று முடிவானபோது எனக்கு எட்டு வயது. அதை முடிவு செய்தது டாக்டர் இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமா.

அப்போது நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டைத் தாண்டி உள்ளே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் குடியிருந்தோம். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். தோட்ட வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஈப்போவில் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் வேலைக்குப் போனார்கள். அப்பா தரைக்கல் விற்கும் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வீடு மட்டும் தோட்டத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுதான். பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர ஒரு செம்மண் ரோடு. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் அதைக் குதறிப் போட்டிருந்தன. மழை பெய்தால் எது குழி எது ரோடு என்று தெரியாது. அதைச் சரிசெய்ய வேண்டியவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் ரோட்டைத் திட்ட மாட்டார்கள், ரோடு போடாதவனையும் திட்ட மாட்டார்கள். திட்டுவதற்கு வீட்டுக்குள் ஒரு பொம்பளை இருக்கிறாளா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இரண்டாவது பிள்ளை போனபோது ஈப்போ மருத்துவமனையில் அம்மா படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே நடையில் அப்பா, அப்பாவின் அக்காவான என் அத்தை, மாமா, நான். அத்தை பக்கத்து வரிசையில் இருந்தவர். எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். குரலை அடக்கிப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"நம்ம குடும்பத்துல யாருக்கும் இப்படி ஆனதில்ல. ஒண்ணு தங்குனதே பெருசு. இவ வயித்துல இனிமே எதுவும் தங்காது போல."

அந்த ஒன்று நான்தான். கட்டிலில் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதைக் கதவு வழியாகப் பார்த்தேன்.

மாமா அதுவரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அத்தையை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா வயித்துல என்ன கோளாறு? கோளாறு உங்க காருல, மச்சான். எருமை முதுகுல உக்காந்து போற மாதிரி இருக்கு. அந்த ரோட்டுல அந்தக் காருல போனா நமக்கே கொடல் கழண்டு விழுது, பச்சப்புள்ள எப்படித் தங்கும்? அப்சார்பர் செத்து எத்தன வருஷமாச்சு?"

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது இன்னும் எனக்குத் தெரிகிறது. அத்தை மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதத்தான் நானும் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போதும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் உண்மை ஆகிவிட்டது. யார் வந்து விசாரித்தாலும் அப்பாவே சொன்னார். காருதாங்க, குலுக்கல்தாங்க. அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார், மறுத்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தம்பியோ தங்கையோ இரண்டு பேரைக் கொன்ற ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதில்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். குழியில் இறங்கும்போது அதன் வயிற்றுக்குள் கடக் கடக் என்று ஒரு சத்தம் வரும். ஏதோ மென்று தின்கிற சத்தம். என் வயிற்றுக்குள்ளும் ஏதாவது கழண்டுவிடும் என்று பயந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் கழிவறைக்குப் போய் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அம்மா மறுபடியும் உண்டானார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, யாரும் இனிப்பு வாங்கி வரவில்லை. வீட்டில் எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். அம்மா கிளினிக்குக்குப் போவதற்கு மட்டும் காரில் ஏறினார். அப்பா நடக்கிற வேகத்தில் ஓட்டுவார். பின்னால் வரும் செம்பனை லாரி ஹாரன் அடித்துத் திட்டும்.

ஒரு நாள் மாலை அப்பா அறிவித்தார். நான்கு சக்கரத்துக்கும் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றப்போகிறார். மாமாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லியாயிற்று. மாமா தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவர் கதவு மாட்டும் பிரிவில் இருந்தார். ஆனால் எங்கள் உறவில் காரைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். கதவைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா வந்த அன்று அத்தை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் உரித்தார். மாமா தேநீர்க் குவளையோடு வாசற்படியில் நின்றார்.

அத்தை நெத்திலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லது, மாத்தட்டும். கார் சரியாகட்டும். அப்புறம் தெரிஞ்சுரும் லா, கோளாறு எதுல இருந்துச்சுன்னு."

அம்மாவின் கை நின்றது. மாமா தேநீரைக் குடிக்காமல் குவளையைக் கீழே வைத்தார். எனக்கு அத்தை சொன்னது நியாயமாகவே பட்டது. கார் சரியாகிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். நல்லதுதானே?

மறுநாள் சனிக்கிழமை. குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்திய சீனர் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது, ஏறியது, ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா, அண்ணே? நல்ல அப்சார்பர் எறங்கும், ஒரு வாட்டி ஏறும், நின்னுரும். இது டான்ஸ் ஆடுது."

ஸ்பிரிங் துள்ளும், அந்தத் துள்ளலை அடக்குவதுதான் அப்சார்பரின் வேலை என்று அவர் அப்பாவுக்கு விளக்கினார். இரண்டு வகை இருந்தது. ஒன்று புதிது, கார் முதலில் வந்தபோது இருந்த அதே உயரம், மெத்தென்று போகும். இன்னொன்று ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களிலிருந்து கழற்றியது. குட்டை ஸ்பிரிங், கெட்டி அப்சார்பர். சிவப்பு நிறம். பையன்கள் காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்ட வாங்குவது.

மாமா சிவப்பைத்தான் எடுத்தார்.

"இதப் போடுங்க, மச்சான். மெத்துன்னு இருந்தா கார் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடுனா அக்காவுக்கு வாந்தி வரும். இது கெட்டியா ரோட்டப் புடிச்சுக்கும், ஆடவே ஆடாது. நான் தினமும் இதுலதானே இருக்கேன்."

தவுக்கே தலையைச் சொறிந்தார். "கெராஸ் லா, அண்ணே. ரொம்ப கெட்டி. உன் ரோட்டுக்கு இது எப்படி? சின்னக் கல்லு ஏறுனாலும் முதுகுல அடிக்கும்."

"தவுக்கே, கார் கட்டுற ஃபேக்டரில இருக்கிறது நீயா, நானா?"

தவுக்கே கையை விரித்துவிட்டு நகர்ந்துபோனார். அப்பா குழம்பிப் போனார். அவர் யாரையும் சந்தேகப்படத் தெரியாத ஆள், ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பவும் மாட்டார். எனவே பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். வீட்டிலிருந்து ஒரு பால் வாளியைக் கொண்டு வந்திருந்தார்.

குடிக்கிற பாலுக்கான வாளி இல்லை அது. ரப்பர் பால் வாளி. அப்பா சின்ன வயதில் பால்மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர்களுக்கு வாளி சுமந்தவர். சைக்கிள் கம்பியில் இரண்டு பக்கமும் பால் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். சிந்தினால் கங்காணி தோலை உரித்துவிடுவான். எனவே வாளிக்கு மேலே பெரணிக் கொத்து ஒன்றைப் போட்டுவிடுவார்களாம். இலை மிதந்தால் பால் தளும்பாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தண்ணீர் குடிக்கிற மாதிரி தெரிந்த விஷயம்.

இன்றைக்கு இலை கிடையாது என்றார் அப்பா. வாளியில் விளிம்பு வரை தண்ணீர். எந்த ஸ்பிரிங்கில் குறைவாகச் சிந்துகிறதோ அதுதான் அம்மாவுக்கு. அம்மா பின்சீட்டில் எந்தப் பக்கம் உட்காருவாரோ அந்தப் பக்கம் என்னை உட்கார வைத்து, வாளியை என் மடியில் வைத்தார். எதற்காக என்று நான் கேட்டேன்.

"இது அம்மா வயிறுன்னு நெனச்சுக்க. பாத்துப் புடிச்சுக்கணும்."

ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அப்பா நல்லவர், அன்பானவர், எல்லாம் சரி. ஆனால் அன்று அவர் என் மடியில் வைத்தது என்ன என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தண்ணீரை எட்டிப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. தம்பி முகம் தெரிந்தால் என்ன செய்வது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தவுக்கே மதியத்துக்குள் சிவப்பு ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார். கார் தரையில் குந்தி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பா ஓட்டினார். வாளியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா முன்சீட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் செம்மண் ரோடு தொடங்கும் இடத்தில் அப்பா காரை நிறுத்தி, டயர் உரசுகிறதா என்று பார்க்க இறங்கினார்.

அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்ததும் மாமா கதவைத் திறந்து கையை நீட்டினார். செம்பனை மரத்தடியில் பெரணி அடர்ந்து கிடந்தது. ஒரு கொத்தை ஒடித்து வாளிக்குள் போட்டார். தன் கைக்குட்டையை விரித்து மேலே மூடினார்.

"தூசி விழும்ல" என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டி, "வாயத் தொறக்காத. நம்ம ரெண்டு பேருக்கும் ரகசியம்" என்றார்.

கார் கிளம்பியது. முதல் குழியில் என் பல் பல்லோடு மோதியது. இரண்டாவதில் முதுகில் அடி விழுந்தது. காருக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல இருந்தது. பழைய ஸ்பிரிங் எருமை என்றால் இது கல். ஆனால் மடியில் தண்ணீர் சிந்தவில்லை. கைக்குட்டையின் ஓரம் மட்டும் நனைந்தது.

"எப்படிடா இருக்கு?" என்று முன்னாலிருந்து அப்பா கத்தினார்.

"பஞ்சு மாதிரி இருக்கு, மச்சான். ஒரு சொட்டு சிந்தல" என்றார் மாமா. சொல்லும்போதே இன்னொரு குழியில் விழுந்து அவருக்கு நாக்கு கடிபட்டது.

கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. அவ்வளவு நாளாகச் சுருங்கிக் கிடந்த முகம் மலர்ந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் உச்சிக்கு ஏறியது. இந்த ஸ்பிரிங்கையே போட்டுவிடுவார்கள். அம்மா இதில் ஏறுவார். அம்மாவின் வயிற்றுக்கு மேலே யாரும் இலை போட முடியாது. நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன்.

"மாமா இலை போட்டுட்டாரு! அப்பா, மாமா இலை போட்டுட்டாரு!"

அப்பா பிரேக்கை மிதித்த மிதியில் வாளி கவிழ்ந்து, தண்ணீர் முழுவதும் என் பாவாடையில் கொட்டியது. நான் அதைக் கையால் அள்ளி அள்ளி வாளிக்குள் போட்டேன். போயிரும், போயிரும் என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, அப்பா பிறகு சொன்னது.

அப்பா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். என் மடியில் பெரணிக் கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். மாமா சிரிக்க முயன்றார்.

"சும்மா வெளயாட்டுக்கு லா, மச்சான்."

"என் புள்ள உனக்கு வெளயாட்டா?"

எப்போதும் பதில் வைத்திருக்கும் மாமா இறங்கிப் போய் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கதவைச் சாத்திவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டு, காரைத் திருப்பினார். பின்கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். மாமா அசையவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

இந்தச் செய்தி மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அத்தை வாசலுக்கு வாசல் நின்று சொன்னார். கூடப் பிறந்தவளுக்கே குழி தோண்டுகிறான், கழித்துப் போட்ட பழைய சாமானைத் தலையில் கட்டிக் கமிஷன் அடிக்கப் பார்த்தான், இவனுக்கெல்லாம் தொழிற்சாலையில் யார் வேலை கொடுத்தது. மாமா அன்றே பேருந்து பிடித்துப் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம் அடுப்படியில் ஏதோ சொன்னார். அம்மா அவரைத் திட்டவில்லை. ரொட்டியை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினார். அதற்காக நான் அம்மாவோடு அன்று பேசவில்லை.

அடுத்த வாரம் தவுக்கே புதிய ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் மாட்டினார். கடக் கடக் சத்தம் வந்த ரப்பர்களையும் சேர்த்து மாற்றினார். முன்பக்கத்தை அழுத்திவிட்டார். இறங்கியது, ஏறியது, நின்றது. மறுபடியும் என் மடியில் வாளி. இலை இல்லை. அதே ரோடு, அதே குழிகள். கார் குழிக்குள் இறங்கி ஏறுவது தெரிந்தது, ஆனால் யாரோ கையில் ஏந்திக்கொண்டு போவது போல இருந்தது. தண்ணீர் நடுவில் நடுங்கியது, விளிம்பைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா வாளியைத் தலைக்கு மேலே தூக்கி எல்லாருக்கும் காட்டினார், ஏதோ கோப்பை வாங்கியவர் மாதிரி. அத்தை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைத்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் என்னைப் பக்கத்தில் இழுத்துக் கேட்டார்.

"ஆடவே இல்லையா?"

"ஆடவே இல்லம்மா."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

எனக்கு ஒரு முத்தம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு காரில் ஏறவே பயந்தார். முன்பு கார் கெட்டுக் கிடந்தபோது பேசாமல் ஏறி உட்கார்ந்தவர், நன்றாக ஓடும் காரைக் கண்டால் வெளிறிப்போனார். புதிதாகப் பூசிய எண்ணெய் வாடை பிடிக்கவில்லை என்றார். அப்பா காரைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பாவம்.

ஏழாவது மாதம் ஒரு மத்தியானம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கு அன்று விடுப்பு. குளியலறையிலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் சின்னதாக இருந்தது. கதவைத் திறந்தால் தரையில் ரத்தம்.

அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் கிடத்தினார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. நானும் பின்னால் ஏறி, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஓடிவந்த அத்தை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். செம்மண் ரோட்டில் அப்பா ஓட்டினார். மழை பெய்து ஓய்ந்திருந்தது, குழிகள் நிறையத் தண்ணீர். கார் ஒவ்வொன்றிலும் இறங்கி இறங்கி ஏறியது, சத்தமே இல்லாமல். அன்றைக்கு அந்தக் கார் ஓடிய மாதிரி அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை.

அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. ஒரு கை சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது.

"குலுங்குதுங்க" என்றார் திடீரென்று. "மெதுவா போங்க. ரொம்பக் குலுங்குது."

அப்பா பதறிப்போய் வேகத்தைக் குறைத்தார். "குலுங்குதா? எங்க குலுங்குது?" அவருக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை முன்சீட்டிலிருந்து முழு உடம்பையும் திருப்பி எங்களைப் பார்த்தார்.

"குலுங்குது" என்று அம்மா மறுபடியும் சொன்னார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

அம்மா பயப்படுகிறார் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. எதற்குப் பயப்படுகிறார் என்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். காருக்குத்தானே? அந்தப் பயம் எனக்கும் இருந்ததே. அதனால் அவர் தலையைத் தடவிக்கொடுத்து, தைரியம் சொன்னேன்.

"பயப்படாதம்மா. கார் ஆடவே இல்ல. காருக்கு ஒண்ணுமே இல்ல."

"புள்ளயே சொல்லுது" என்றார் அத்தை. முகத்தைத் திருப்பி முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அம்மா கண்ணை மூடி, முகத்தைச் சீட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். நாள் நிறையாமல் பிறந்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் நிறைய நாள் கிடந்தான், ஆனால் பிழைத்துக்கொண்டான். இப்போது எங்கள் எல்லாரையும்விட உயரம். அவன் வந்தது எப்படி என்று அப்பாவைக் கேட்டால் இன்றைக்கும் ஸ்பிரிங்கில்தான் தொடங்குவார். புது ஸ்பிரிங் போட்டேன், வாளி வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை, அதனால்தான். அத்தையும் அதையே சொன்னார். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். ஏழு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைச் சுமந்தவளைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை இல்லை. அவன் செத்திருந்தால் அது அம்மாவின் வயிறு. பிழைத்துவிட்டான், அதனால் ஸ்பிரிங். என் ரத்தம் கொதிக்கிறது, என்ன செய்ய.

மாமா எதற்காகச் சிவப்பு ஸ்பிரிங்கை எடுத்தார் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. திருடன், ஏமாற்றுக்காரன் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டார். எனக்கு அது புரியக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. எனக்கும் ஒன்று தங்காமல் போனது. கணவர் வீட்டில் நடுக்கூடத்தில் என்னை உட்கார வைத்து, என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று கேட்டார்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன் என்றேன். நான் எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறவில்லை. ஆனால் அதைச் சொன்னதும் எல்லாரும் மோட்டார் சைக்கிளைத் திட்டத் தொடங்கினார்கள், என்னை விட்டுவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. அந்த நிமிடத்தில்தான் அந்தப் பழைய கார் அம்மாவுக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்தது. அது குலுங்குகிறவரை பழி அதன் மேல்தான் விழும், அம்மா மேல் விழாது; மாமாவுக்கு அது தெரிந்திருந்தது.

தம்பி பிறந்த அன்று அது எதுவும் எனக்குத் தெரியாது. அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மாவைத் தள்ளுகட்டிலில் வெளியே கொண்டு வந்தார்கள். செய்தி கேட்டு மாமா வந்திருந்தார். நடையின் கோடியில் தனியாக நின்றார், யாரும் அவரோடு பேசவில்லை. அப்பா ஓடிப்போய், "ஆம்பளப் புள்ள, நல்லா இருக்கான், ஸ்பிரிங் காப்பாத்திருச்சு" என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. கட்டில் கோடிக்கு வந்ததும் மாமாவின் பக்கம் கையை நீட்டினார். மாமா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். அம்மா அழுதார், அவ்வளவு நாளில் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார். தாதி கட்டிலைத் தள்ளப் பார்த்தும் கையை விடவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காரைச் சரிசெய்தது அப்பா. உண்மையைச் சொன்னது நான். இந்த ஆள் என்ன செய்தார்?